மோன்செகூரா, பெயர்பெர்த்யூசா, கெரிபூசா? ஒரு நாளில் எந்த மலைக்கோட்டைக்குப் போவது

பிரான்சின் தென்கோடியில், பிரனீஸ் மலைத்தொடர் சமவெளியை நோக்கி இறங்கும் பகுதியில், இடைக்காலக் கோட்டைகள் பல இடிந்த நிலையில் குன்றுகளின் உச்சியில் நிற்கின்றன. கர்க்காசோன் நகரக் கோட்டையைப் பார்க்க வரும் நம்மவர்கள் பெரும்பாலும் அதோடு திரும்பிவிடுகிறார்கள். கூடுதலாக ஒரு நாள் கையில் உள்ளவர்கள் மட்டும், மலைமேல் இருக்கும் கோட்டை ஒன்றையும் பார்த்துவிடலாமே என்று கேட்பார்கள். அப்போது மூன்று பெயர்கள்தாம் மாறி மாறி வரும்: அரியேஜ் மாவட்டத்தில் மோன்செகூர், ஓத் மாவட்டத்தில் பெயர்பெர்த்யூஸ், அதன் அண்டைக் கோட்டையான கெரிபூஸ். துலூசில் குடியிருப்பதால் விருந்தினரை அழைத்துக்கொண்டு மூன்றுக்கும் பலமுறை ஏறியிருக்கிறேன். ஒன்றைப் பார்க்க முடியாவிட்டால் மற்றொன்றைப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லக்கூடிய இடங்கள் அல்ல இவை. ஆளறியாமல் அழைத்துப் போனால் ஒரு நாள் வீணாகும் என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

முதலில் பெயரால் வரும் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது. சாலையோரப் பலகைகளும் சுற்றுலாக் கையேடுகளும் இவை அனைத்தையும் கதார் கோட்டைகள் என்றே குறிப்பிடுகின்றன. கதார்கள் என்போர் 12, 13ஆம் நூற்றாண்டுகளில் லங்குதோக் பகுதியில் செல்வாக்குப் பெற்றிருந்த ஒரு கிறித்தவப் பிரிவினர். கண்முன் தெரியும் இந்தப் பொருளுலகம் தீய சக்தியின் படைப்பு என்று நம்பியவர்கள். ரோமத் திருச்சபையின் குருமாரையும் சடங்குகளையும் ஏற்க மறுத்தவர்கள். போப் மூன்றாம் இன்னசென்ட்டின் அழைப்பை ஏற்று 1209இல் வடக்கிலிருந்து இவர்கள்மீது சிலுவைப்படை இறங்கியது. இருபது ஆண்டுப் போருக்குப் பிறகு 1229இல் ஏற்பட்ட உடன்படிக்கையால் இப்பகுதியில் பிரெஞ்சு அரசின் கை ஓங்கியது. ஆனால் இன்று நாம் ஏறிப் பார்க்கும் மதில்கள் கதார்கள் எழுப்பியவை அல்ல. அவர்களுக்கு அடைக்கலம் கொடுத்த உள்ளூர்ப் பிரபுக்களின் கோட்டைகளைக் கைப்பற்றிய பின்னர், வென்றவர்கள் இடித்தும் விரித்தும் கட்டியவையே பெரும்பாலும் எஞ்சியிருக்கின்றன.

1258இல் கையெழுத்தான கோர்பெய் உடன்படிக்கை, பிரான்சுக்கும், பிரனீசுக்குத் தெற்கே இருந்த ஆரகோன் அரசுக்கும் இடையிலான எல்லையை இந்தக் கொர்பியேர் மலைகளையொட்டி வகுத்தது. அதன்பின் பெயர்பெர்த்யூஸ், கெரிபூஸ், பியூலோரான்ஸ், தெர்ம், அகிலார் ஆகிய ஐந்தும் எல்லைக் காவற்கோட்டைகளாயின. கர்க்காசோனின் ஐந்து பிள்ளைகள் என்று அவற்றைச் சொல்வது வழக்கம். 1659இல் பிரனீஸ் உடன்படிக்கை எல்லையைத் தெற்கே நகர்த்தியபோது, நானூறு ஆண்டுகள் காவல் நின்ற கோட்டைகளுக்கு ஒரே கையெழுத்தில் வேலை இல்லாமல் போயிற்று. பெயர்பெர்த்யூசையும் கெரிபூசையும் எதிரி யாரும் தகர்க்கவில்லை. கூரையைப் பழுதுபார்க்க ஆளின்றி அவை தாமாகவே இடிந்தன. ஆகவே தேர்வுக்கு முன் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, உங்களுக்கு வேண்டியது கதையா, கல்லா என்பதுதான். கதை மோன்செகூரில் இருக்கிறது. கல் மற்ற இரண்டிலும் இருக்கிறது.

மோன்செகூரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் கதை தெரியாமல் அங்கே ஏறுவதில் பயனில்லை. பள்ளத்தாக்கிலிருந்து தனித்து எழும் சுண்ணாம்புப் பாறைக் குன்று அது. உள்ளூரார் அதைப் போக் என்பார்கள். உச்சியின் உயரம் 1,207 மீட்டர். 1204 வாக்கில், கதார்களின் வேண்டுகோளுக்கு இணங்கி, ரேமோன் த பெரேய் என்ற பிரபு அங்கே பாழடைந்து கிடந்த கோட்டையைப் புதுப்பித்துக் கொடுத்தார். 1232இல் கதார் ஆயர் கிலபேர் த காஸ்த்ர் அதைத் தம் சபையின் தலைமையிடமாக ஆக்கினார். 1242 மே மாதம், அவிஞோனே என்ற ஊரில் தங்கியிருந்த சமய விசாரணை அதிகாரிகளை மோன்செகூரிலிருந்து சென்ற ஆட்கள் இரவோடு இரவாக வெட்டிக் கொன்றார்கள். அரசும் திருச்சபையும் இதற்குப் பதில் சொல்லாமல் விடவில்லை. மறுஆண்டு மே மாதம், கர்க்காசோனின் அரச அதிகாரி ஊக் தேசார்சியின் தலைமையில் முற்றுகை தொடங்கியது.

பழந்தமிழ் இலக்கணம் மதிலை வளைப்பதை உழிஞை என்றும் மதிலைக் காப்பதை நொச்சி என்றும் பிரித்துப் பேசும். மோன்செகூரில் நொச்சியாருக்குப் பாறையே துணை நின்றது. பத்து மாதம் நீடித்த அந்த முற்றுகையின் பாதிவரை, கீழே இருந்த ஆயிரக்கணக்கான படைவீரர்களால் மேலே இருந்த ஐந்நூறு பேரளவிலான மக்களை எதுவும் செய்ய முடியவில்லை. நிலைமை மாறியது குளிர்காலத்தில்தான். மலையேறத் தெரிந்த சில வீரர்கள், குன்றின் கிழக்கு முனையில் உள்ள கோபுரப் பாறைக்கு இரவில் செங்குத்தாக ஏறி அங்கிருந்த காவலைக் கைப்பற்றினார்கள். பொழுது விடிந்து, தாங்கள் ஏறி வந்த வழியைக் கண்டபோது, பகலில் இப்படி ஏறத் துணிந்திருக்கவே மாட்டோம் என்று அவர்கள் நடுங்கியதாகக் காலத்தால் நெருங்கிய வரலாற்றுக் குறிப்பு ஒன்று சொல்கிறது. அந்த முனையிலிருந்து கவண்பொறிகள் கல் எறியத் தொடங்கிய பிறகு, கோட்டையால் நெடுநாள் தாங்க முடியவில்லை.

1244 மார்ச் தொடக்கத்தில் சரணடையும் பேச்சு முடிந்தது. இரண்டு வாரம் தவணை கிடைத்தது. வீரர்களும் பொதுமக்களும் உயிரோடு வெளியேறலாம், கதார்கள் தம் நம்பிக்கையைக் கைவிட்டால் அவர்களும் போகலாம், மறுப்பவர்களுக்கு நெருப்பு என்பதே உடன்பாடு. அந்தத் தவணை நாட்களில் யாரும் நம்பிக்கையை விட்டு விலகியதாகத் தெரியவில்லை. மாறாக, தப்பிப் போயிருக்கக்கூடிய இருபது பேரளவிலானோர் வலியச் சென்று தீட்சை பெற்று மரிப்போர் பக்கம் சேர்ந்துகொண்டார்கள். மார்ச் 16 அன்று இருநூறுக்கும் மேற்பட்டோர் எரிக்கப்பட்டார்கள். கோட்டைப் பிரபு ரேமோனின் மனைவி கோர்பாவும் மகள் எஸ்க்லார்மோந்தும் அவர்களுள் அடக்கம். பிரபு உயிரோடு வெளியேறினார்.

இன்று மேலே போய் நின்றால் தெரிவது என்ன? கூரையற்ற ஒரு முற்றம், அதைச் சூழ்ந்த ஐங்கோண வடிவ மதில், இரண்டு வாயில்கள், ஒரு முனையில் தலைமைக் கோபுரத்தின் அடிப்பாகம். அவ்வளவுதான். இவையும் முற்றுகைக்குப் பின்னர் அந்நிலத்தைப் பெற்ற லெவி குடும்பத்தார் கட்டியவை. கதார்கள் வாழ்ந்த குடியிருப்பின் தடங்களை, வடக்கு வாயிலுக்கு வெளியே சரிவில் தெரியும் படிப்படியான அடித்தளங்களில்தான் தேட வேண்டும். என் பெரியப்பா மகன் கட்டுமானப் பொறியாளர். அவரை முதலில் அழைத்துச் சென்றது இங்கேதான். மூச்சு வாங்க அரை மணி நேரம் ஏறி, முற்றத்தில் நின்று ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "தம்பி, நாலு சுவருக்கா இவ்வளவு தூரம்?" என்று கேட்டார். கேள்வியில் நியாயம் இருந்தது. அடுத்த ஆண்டு வந்த என் அத்தை, ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை, மேலே ஏறவேயில்லை. குன்றின் அடிவாரப் புல்வெளியில் 1960இல் நிறுவிய நினைவுக்கல் ஒன்று உண்டு. தூய கிறித்தவ அன்பின் தியாகிகளான கதார்களுக்கு என்ற பொருளில், தென் பிரான்சின் பழைய மொழியான ஒக்சித்தானில் அதில் பொறித்திருக்கிறார்கள். அதன் அடியில் யாரோ வைத்துப் போன காய்ந்த பூக்களும் கூழாங்கற்களும் கிடந்தன. அத்தை அங்கேயே அமர்ந்து மேலே இருக்கும் மதிலை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அன்றைய நாள் நிறைவாகவே இருந்தது.

பெயர்பெர்த்யூஸ் முற்றிலும் வேறு வகை. ஏறத்தாழ 800 மீட்டர் உயரத்தில், கத்தியின் முதுகைப் போல நீளும் பாறை முகட்டின்மேல், 300 மீட்டர் நீளத்துக்குக் கோட்டை படர்ந்திருக்கிறது. கீழே துயாக் கிராமத்திலிருந்து பார்க்கும்போது பாறை எங்கே முடிகிறது, மதில் எங்கே தொடங்குகிறது என்று எளிதில் பிரிக்க முடியாது; நான் சுட்டிக்காட்டிய பிறகும் சிலருக்குச் சிறிது நேரம் பிடித்ததைப் பார்த்திருக்கிறேன். துளைத்த பாறை என்பது அந்தப் பெயரின் பொருள். வாகன நிறுத்தத்திலிருந்து, புதர்க்காட்டின் நிழலில், முகட்டின் வடபக்கமாகச் சுற்றிக்கொண்டு கால் மணி நேரம் நடந்தால் வாயில் வந்துவிடும்.

உள்ளே இருப்பவை உண்மையில் இரண்டு கோட்டைகள். கிழக்கே தாழ்வாக உள்ளது பழைய கோட்டை. கப்பலின் முன்முனையைப் போலக் கூராக முடியும் மதிலும், பழைய தலைமைக் கோபுரமும், அதனோடு ஒட்டிய புனித மரியா ஆலயமும் அங்கே உள்ளன. மேற்கே உச்சியில் இருப்பது சான் ஜோர்தி. பழைய கோட்டையின் பிரபு 1240இல் அரசப் படையிடம் சரணடைந்தார். 1242இல் ஒன்பதாம் லூயி, அதாவது பின்னாளில் புனிதராக ஏற்கப்பட்ட அரசர், உச்சிக்கு ஏறப் படிக்கட்டு அமைக்க ஆணையிட்டார். தொடர்ந்து மேல்கோட்டை எழுந்தது. காரணம் எளிது. கீழ்க்கோட்டையை மேலிருந்து குனிந்து பார்க்கக்கூடிய ஒரு பாறை எதிரியின் கையில் சிக்கினால், கீழே எத்தனை மதில் இருந்தும் பயனில்லை. மோன்செகூரில் கோபுரப் பாறை கைமாறியபின் என்ன ஆயிற்று என்பதை ஒப்பிட்டுப் பார்த்தால், சான் ஜோர்தி ஏன் அங்கே இருக்கிறது என்பது விளங்கும்.

புனித லூயி படிக்கட்டு என்று அழைக்கப்படும் அந்த வழி, ஏறத்தாழ அறுபது படிகளாகப் பாறையின் விலாவில் செதுக்கப்பட்டது. படிகள் சீரானவை அல்ல. ஒன்று முழங்கால் உயரம் என்றால் அடுத்தது சாண் உயரம். நடுவே பலர் கால் பட்டுப்பட்டு, நம் கோயில் வாசற்படிகளைப் போலக் குழிந்து வழுவழுப்பாகியிருக்கின்றன. ஏறுவது கடினமில்லை, இறங்கும்போதுதான் ஒரு பக்கம் விரியும் பள்ளம் கண்ணில் படுகிறது. உயரத்துக்கு அஞ்சுவோர் பாறையைப் பார்த்தபடி, பின்பக்கமாக ஒவ்வொரு படியாக இறங்குவதுண்டு. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நானும் மழை பெய்து ஓய்ந்த ஒரு நாளில் அப்படித்தான் இறங்கினேன்.

கல்லைப் படிக்கத் தெரிந்தவருக்கு இங்கே மூன்று மணி நேரமும் போதாது. ஊற்று இல்லாத முகடு என்பதால், மழைநீரைச் சேர்த்து வைக்கச் சுண்ணாம்புச் சாந்து பூசிய தொட்டிகள் உண்டு. அம்புத்துளைகள் வெளிப்பக்கம் ஒரு கோடாகவும் உட்பக்கம் ஆள் நின்று வில்லைத் திருப்பும் அளவுக்கு அகன்றும் இருப்பதைக் கை வைத்துப் பார்க்கலாம். அடுப்பின் புகைவழியும், மாடித்தளத்து விட்டங்கள் செருகியிருந்த குழிகளும் சுவரில் அப்படியே நிற்கின்றன. மோன்செகூரில் முகம் சுளித்த அதே அண்ணன், இங்கே விட்டக்குழிகளை எண்ணி எத்தனை தளங்கள் இருந்திருக்கும் என்று கணக்குப் போடத் தொடங்கி, கடைசியில் பசி தாங்காமல்தான் இறங்கினார்.

கெரிபூசுக்கு இவ்வளவு சொல்ல வேண்டியதில்லை. அது சிறியது, ஆனால் ஒழுங்காகப் பாதுகாக்கப்பட்டது. 728 மீட்டர் உயரத்தில், பெர்ப்பிஞ்ஞான் சமவெளிக்குள் இறங்கும் கணவாயின் நேர்மேலே, பாறையில் முளைத்த பல்லைப் போல நிற்கும் பலகோணக் கோபுரமே அதன் அடையாளம். மோன்செகூர் வீழ்ந்தபின் எஞ்சிய கதார்கள் சிலர் புகலிடம் தேடிய கோட்டை இது. 1255இல் இதுவும் அரசின் கைக்குப் போயிற்று. ஒன்றுக்குமேல் ஒன்றாக மூன்று மதிற்சுற்றுகளைக் கடந்து கோபுரத்துக்குள் நுழைந்தால், நடுவில் ஒற்றைத் தூண் தாங்கும் வளைகூரை மண்டபம் ஒன்று இருக்கிறது. வெளியே அத்தனை கரடுமுரடான பாறையைப் பார்த்துவிட்டு உள்ளே அந்தத் தூணிலிருந்து பனையோலை விரிவதைப் போல விரியும் வளைவுகளைப் பார்க்கும்போது, கட்டியவர்கள் காவலை மட்டும் நினைத்துக் கட்டவில்லை என்று தோன்றும். மேல்தளத்தில் ஏறினால், வானம் தெளிவாக இருக்கும் நாளில் ஒரு பக்கம் கனிகு சிகரத்தையும் மறுபக்கம் மத்தியதரைக் கடலையும் காணலாம். வாகன நிறுத்தத்திலிருந்து கோட்டை வாயிலுக்குச் செங்குத்தான கால் மணி நேர ஏற்றம்; முழுவதையும் ஒன்றரை மணி நேரத்தில் பார்த்து முடிக்கலாம்.

ஆனால் காற்று. வடமேற்கிலிருந்து வீசும் அந்தக் காற்றை இப்பகுதியில் திரமோந்தான் என்பார்கள். அது வலுத்து வீசும் நாளில் கெரிபூஸ் படிகளில் நிற்பது, ஓடும் லாரியின் மேல் நிற்பதைப் போலத்தான் இருக்கும். ஒரு முறை என் அம்மாவின் சேலைத் தலைப்பு காற்றில் பறந்து கைப்பிடிக் கம்பியில் சுற்றிக்கொண்டது. அதைப் பிரித்தெடுத்துவிட்டு, "நீங்க போயிட்டு வாங்க, நான் கீழேயே இருக்கேன்" என்று நுழைவுச்சீட்டு அறை வாசலுக்குத் திரும்பிவிட்டார். வேட்டி, சேலை, அகன்ற துப்பட்டா ஆகியவற்றை இந்த மூன்று மலைகளுக்கும் தவிர்ப்பது நலம். இடியும் மின்னலும் வரும் அறிகுறி தெரிந்தால் பெயர்பெர்த்யூசையும் கெரிபூசையும் மூடிவிடுவார்கள். உயரத்தில் தனித்து நிற்கும் முகடு மின்னலுக்கு இலக்கு என்பதால் அதில் வாதாட இடமில்லை.

ஏற்றத்தைப் பொறுத்தவரை, செஞ்சியில் ராஜகிரி ஏறியவருக்கு இம்மூன்றும் பெரிதல்ல. ஆனாலும் மூன்றில் கடினமானது மோன்செகூர்தான். பாதை முழுவதும் வேரும் உருண்டைக் கல்லுமாக இருக்கும். மழைநாளில் களிமண் வழுக்கும். சிறு பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஏறலாம். தள்ளுவண்டிக்கு மூன்றிலும் வழியில்லை. மோன்செகூரில் மூடுபனியும் ஒரு தொல்லை. நவம்பர் மாதம் ஒரு நாள் ஏறி, உச்சியில் என் கையை மட்டுமே பார்த்துவிட்டு இறங்கியிருக்கிறேன். ஆண்டின் மிக நீண்ட பகலான கோடைச் சங்கராந்தி நாளின் விடியலில், கோபுரத்து அம்புத்துளைகளின் ஊடாக ஒளி நேராகப் புகுந்து மறுபக்கம் வெளிப்படுவதைப் பார்க்க அங்கே கூட்டம் கூடும். அது கதார்களின் சூரியக் கோயில் என்ற பேச்சை மட்டும் நம்ப வேண்டாம். கோபுரமே அவர்கள் மறைந்தபின் எழுந்தது என்று மேலே சொன்னதை நினைவில் கொண்டால் போதும்.

நடக்க முடியாதவர்கள் உடன் இருந்தால், மூன்றையும் விட்டுவிட்டு, கர்க்காசோனுக்கு வடக்கே அருகிலேயே உள்ள லாஸ்தூருக்குப் போவதே சரி. ஒரே குன்றின்மேல் நான்கு சிறு கோட்டைகள் நிற்பதை எதிர்ச்சரிவில் அமைத்துள்ள காட்சிமேடையிலிருந்து முழுமையாகப் பார்த்துவிடலாம். பியூலோரான்சும் நல்ல கோட்டைதான். வளைந்து வளைந்து ஏறும் அதன் நுழைவழி தாக்குவோரை வாட்டுவதற்கென்றே அமைத்தது. மோன்செகூருக்கும் பெயர்பெர்த்யூசுக்கும் இடைப்பட்ட பாதையில் இருப்பதால் இரண்டு நாள் பயணத்தில் சேர்த்துக்கொள்ளலாம். ஒரே நாள் என்றால் அதற்காகத் தனியே போக வேண்டும் என்று சொல்லமாட்டேன்.

அந்த ஒரு நாளில் மூன்றையும் முடித்துவிடலாம் என்று நினைப்பவர்கள் வரைபடத்தை மட்டும் பார்த்து ஏமாறுகிறார்கள். மோன்செகூரிலிருந்து பெயர்பெர்த்யூசுக்கு மலைச்சாலையில் இரண்டு மணி நேரம் ஆகும். இரண்டையும் ஒரே நாளில் திணித்தால் ஏறி இறங்கியதும் காரில் தூங்கியதும்தான் நினைவில் இருக்கும். பெயர்பெர்த்யூசும் கெரிபூசும் மட்டும் ஒன்றுக்கொன்று அரை மணி நேரத் தொலைவில், குக்குஞான் என்ற சிற்றூருக்கு இருபக்கமுமாக அமைந்துள்ளன. எனவே கர்க்காசோனிலோ பெர்ப்பிஞ்ஞானிலோ தங்கி, சொந்தமாகவோ வாடகைக்கோ கார் வைத்திருப்பவருக்கு என் பரிந்துரை, அவ்விரண்டையும் ஒரே நாளில் பார்ப்பதுதான். துலூசில் தங்குபவருக்கும் கதையில் மனம் ஊன்றியவருக்கும் மோன்செகூர். அதன் அடிவாரக் கிராமத்தில் உள்ள சிறு அகழ்வாராய்ச்சி அருங்காட்சியகத்தை முதலில் பார்த்துவிட்டு ஏறினால், வெற்று முற்றம் அவ்வளவு வெறுமையாகத் தெரியாது. பேருந்தை நம்பி இவற்றுள் எதற்கும் கிளம்ப வேண்டாம்.

இரண்டையும் சேர்த்துப் பார்ப்பவர் காலையில் பெயர்பெர்த்யூசில் தொடங்குவது நல்லது. பத்து மணிக்கு முன்பே போய்விட்டால் புனித லூயி படிகளில் எதிரே இறங்குவோருக்கு ஒதுங்கி நிற்க வேண்டியிராது, வெயிலும் ஏறியிருக்காது. கூகுள் வரைபடம் சில வேளைகளில் கலாமூஸ் பள்ளத்தாக்கு வழியாகத் திருப்பிவிடும். பாறையைக் குடைந்த அந்தச் சாலை அழகானது, ஆனால் எதிரே ஒரு கார் வந்தால் யாராவது ஒருவர் பின்னோக்கி ஓட்ட வேண்டும். மதிய உணவுக்குக் குக்குஞானில் நிறுத்தலாம். காற்றாலையும் ரொட்டிக் கடையும் உள்ள ஊர். இரண்டு மணிக்குப் பிறகு போனால் இந்தப் பக்கத்துச் சிற்றூர் உணவகங்களில் அடுப்பை அணைத்திருப்பார்கள் என்பதால், பெயர்பெர்த்யூசில் நேரம் போவது தெரியாமல் நிற்கக்கூடியவர்கள் காலையிலேயே புளிச்சாதம் கட்டி எடுத்துக்கொள்வது உத்தமம். நாங்கள் அதைக் கெரிபூஸ் வாகன நிறுத்தத்தில், காற்றுக்கு மறைவாகக் காருக்குள்ளேயே அமர்ந்துதான் சாப்பிட்டோம்.